பிழை திருத்திய வாக்குமூலம்

என்னுடைய முதலாவது பாடக்குறிப்பை வழிகாட்டி ஆசிரியை வாசிக்கவே இல்லை. அது நீளமான சீ.ஆர். கொப்பி. பழுப்புத் தாளால் உறை போட்டு, முதற்பக்கத்தில் பெயர், பாடம், தரம் எல்லாவற்றையும் அடிமட்டம் வைத்துக் கோடு கீறி எழுதியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதற்கே போயிருந்தது. அவர் கொப்பியைத் திறந்தார். பக்கத்தின் மேல்மூலையிலிருந்து எதிர்மூலை வரைக்கும் சிவப்புப் பேனையால் ஒரே இழுப்பாகக் கோடு இழுத்தார். பேனை அழுந்திய அழுத்தத்தில் தாள் ஓரிடத்தில் கிழிந்தது. பிறகு கொப்பியை மூடி என் பக்கம் தள்ளிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்தில் நின்ற கப்பலைப் பார்த்தபடி சொன்னார்.

"திரும்ப எழுதிக்கொண்டு வாரும். என்ன பிழையெண்டு என்னட்டக் கேக்க வேண்டாம். அது தெரிஞ்சாத்தான் நீர் ரீச்சர்."

அன்றைக்கு நான் வெட்கப்பட்டேன். வெறுக்கத் தொடங்கியது பிறகுதான். இன்றுவரை அது குறையவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆசிரியர்களைப்பற்றி எழுதுகிறவர்கள் கடைசியில் நெகிழ்ந்துபோய்க் கைகூப்புவது வழக்கம். அப்படி ஒரு முடிவை எதிர்பார்த்து யாரும் இதை வாசிக்க வேண்டாம்.

கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படித்தபின், மூன்றாவது வருடம் ஒரு பாடசாலைக்கு அனுப்புவார்கள். அங்கே உண்மையான வகுப்பில், உண்மையான பிள்ளைகளுக்கு முன்னால் நின்று ஒரு வருடம் படிப்பிக்க வேண்டும். கட்டுறு பயில்வு என்பது அதன் பெயர். அந்தப் பெயரிலுள்ள கட்டு உண்மையான கட்டுத்தான் என்பது போனபிறகே தெரியும். பாடசாலையில் ஒரு மூத்த ஆசிரியரை வழிகாட்டியாகத் தருவார்கள். ஒவ்வொரு வாரமும் பாடக்குறிப்பில் அவர் கையெழுத்து வைக்க வேண்டும். மாதாமாதம் அறிக்கை எழுத வேண்டும். வருட முடிவில் அவரும் அதிபரும் சேர்ந்து தகுதியானவர் என்று எழுதினால்தான் சான்றிதழ், அதற்குப் பிறகுதான் நியமனம். அந்த ஒரு மனிதருக்கு நம்மைப் பிடிக்காமல் போனால் என்ன செய்வது என்பதற்கு எந்த விதிமுறையிலும் ஒரு வரிகூட இல்லை.

என்னை அனுப்பியது திருகோணமலை நகரத்தில், துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் ஒரு பாடசாலைக்கு. பெயர் வேண்டாம். சாம்பல்தீவிலிருந்து காலையில் முதல் பஸ்ஸில் வருவேன். சேலைக் கொசுவம் கசங்காமல் இருக்க வேண்டுமென்று இருக்கை கிடைத்தாலும் உட்காராமல் நின்றுகொண்டே வருவேன். எங்கள் குடும்பத்தில் அரசாங்க உத்தியோகம் பார்க்கப்போகும் முதல் ஆள் நான். அப்பா மிளகாய்த் தோட்டம் செய்தவர். நான் சேலை கட்டிக்கொண்டு படலையைத் திறக்கும்போதெல்லாம் தண்ணீர் இறைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

என் வழிகாட்டி ஆசிரியை கணிதம் படிப்பித்தார். மேற்பிரிவுக்குப் பகுதித் தலைவியும் அவர்தான். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. உயரமானவர். விறைப்பாகக் கஞ்சி போட்ட பருத்திச் சேலைதான் கட்டுவார். வலது கையில் இரண்டு மோதிரங்கள். அவர் நடைபாதையில் வரும்போது வகுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக அடங்குவது, விளக்குகளை யாரோ வரிசையாக அணைத்துக்கொண்டு வருவதுபோல் இருக்கும். முதல் வாரத்திலேயே தன்னுடைய இரண்டு வகுப்புகளின் வரவு இடாப்பையும் என்னிடம் தந்துவிட்டார். தவணைப் பரீட்சைத் தாள்கள் எல்லாம் என்னிடம் வந்தன. நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது பின்கதவால் வந்து நிற்பார். பிள்ளைகளுக்கு முன்னாலேயே, "அந்தக் கோடு சரிஞ்சு கிடக்கு. அழியும்," என்பார். நான் அழிப்பேன். "இன்னும் சரிஞ்சு கிடக்கு." மறுபடியும் அழிப்பேன். முன்வரிசைப் பிள்ளைகள் என்னை இரக்கத்தோடு பார்ப்பார்கள். பிள்ளைகளின் இரக்கத்துக்கு ஆளான ஒருத்தி அவர்களுக்கு எதைப் படிப்பிக்க முடியும்?

ஒன்றை மறைக்கக்கூடாது. அவர் கெட்டிக்காரி. அவரைப்போல் கணிதம் படிப்பித்த ஒருவரை நான் அதற்குப் பிறகும் கண்டதில்லை. ஒருநாள் வெறும் தாள் ஒன்றை எடுத்து மூன்று மடிப்பாகவும், அதே அளவு இன்னொரு தாளை நான்கு மடிப்பாகவும் மடித்துப் பின்னங்களை விளங்கப்படுத்தினார். மிகவும் பின்தங்கிய பிள்ளைகூட வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது. அந்த மடிப்பைத்தான் இன்றைக்கும் என் வகுப்பில் செய்கிறேன். ஒவ்வொரு முறையும் செய்யும்போது எனக்குக் கோபம் வருகிறது. இவ்வளவு தெரிந்தவருக்கு அந்தப் புதன்கிழமை ஒரு தாளை மடிக்க ஏன் மனம் வரவில்லை?

அந்தப் புதன்கிழமை இடைவேளைக்குப் பிறகு, ஐந்தாம் பாடவேளை. ஏழாம் வகுப்பு. நேரசூசியின்படி அது என்னுடைய பாடம். அவர் அவதானிப்பதற்காக வந்து கடைசி வரிசையில் கதிரை போட்டு இருந்தார். நான் பின்னங்களை ஒப்பிடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வரிசையில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். அதிகம் கதைக்காத, நகங்களைக் கடிக்கிற பிள்ளை. தாய் வடக்குக் கடற்கரைப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் துணி தோய்க்கிறவர். அந்தப் பிள்ளையை எழுப்பி, மூன்றில் ஒன்றா நான்கில் ஒன்றா பெரியது என்று கேட்டேன். நான்கில் ஒன்று என்றாள். அந்தப் பிழையை எல்லாப் பிள்ளைகளும் விடும். பிழை விட்ட இடத்தில்தான் பாடமே தொடங்குகிறது. நான் மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்தேன். அதற்குள் அவர் எழுந்து முன்னால் வந்துவிட்டார்.

"இதையோ இவ்வளவு நேரமாப் படிப்பிச்சனீர்?" என்று என்னைக் கேட்டுவிட்டுப் பிள்ளையிடம் திரும்பினார். "எது பெரிசு? சொல்லு."

"நான்கில் ஒன்று, ரீச்சர்," என்றாள் பிள்ளை. தான் சொன்னதில் அவளுக்கு நம்பிக்கை இருந்தது. காரணமும் சொன்னாள். "நாலுதானே பெரிசு."

மோதிரம் போட்ட அந்தக் கை பிள்ளையின் இடது காதோடு சேர்த்துக் கன்னத்தில் விழுந்தது. ஈரத் துணியைக் கல்லில் அடித்ததுபோல் ஒரு சத்தம். பிள்ளை மேசையோரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. வகுப்பு முழுவதும் கொப்பியைப் பார்த்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார். "பாத்தீரா? இனி மறக்கமாட்டாள்." சொல்லிவிட்டு முன்கதவால் வெளியே போய்விட்டார்.

நான் கையில் பிடித்திருந்த தாளை மேசையில் வைத்தேன். பிள்ளையை இருக்கச் சொன்னேன். பிறகு அடுத்த கணக்கைக் கரும்பலகையில் எழுதினேன்.

இதை எழுதுவதுதான் இந்தக் குறிப்பில் எனக்கு மிகக் கடினமானது. அவர் அடித்ததைச் சொல்வது சுலபம். நான் அடுத்த கணக்குக்குப் போனேன். ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு மற்றக் கையால் அந்தப் பிள்ளையும் அந்தக் கணக்கை எழுதினாள். பாடவேளை முடிந்து மணியடித்ததும் அவளிடம் போய், "நோகுதா?" என்று மட்டும் கேட்டேன். "இரையுது ரீச்சர்," என்றாள். தண்ணீர் குடிக்கச் சொன்னேன். வியாழக்கிழமை அவள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. அந்த வாரத்துப் பாடக்குறிப்பில் இன்னும் கையெழுத்து விழவில்லை என்பதுதான் என் மனதில் பெரிதாக நின்றது.

வெள்ளிக்கிழமை காலை தாய் வந்தார். வேலைக்குப் போகிற உடுப்போடே, ஆஸ்பத்திரிக் கொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். செவிப்பறையில் துளை விழுந்திருக்கிறது, தண்ணீர் படக்கூடாது, மறுபடி கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அதிபர் தன் அறைக்கு என்னையும் வழிகாட்டி ஆசிரியையையும் அழைத்தார். ஆசிரியை நேரசூசியைக் கையிலேயே கொண்டு வந்திருந்தார். "அந்தப் பாடவேளை பயிலுநற்ற பாடம், சேர். நான் மேல் வகுப்பில நிண்டனான்," என்றார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. பிறகு தாயின் பக்கம் திரும்பி மிகவும் கனிவாகச் சொன்னார். "பழக்கமில்லாத பிள்ளை, அம்மா. கோவத்தில கைநீட்டியிருக்கும். நாங்கள் கவனிக்கிறம்."

தாய் என்னைப் பார்த்தார். மகள் வீட்டில் உண்மையைச் சொல்லியிருந்தாள் என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. நான் மறுப்பேன் என்று அவர் காத்திருந்தார். நான் அதிபரின் மேசையிலிருந்த காகிதப்பாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தாய் போனபின் அதிபர் என்னை மட்டும் இருக்கச் சொன்னார். நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர். என்ன நடந்ததென்று அவர் என்னிடம் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கும்போதே அவருக்குத் தெரியும் என்று எனக்கு விளங்கியது.

"பிள்ளை, அடிக்கக்கூடாதெண்டு சுற்றுநிருபம் இருக்கு. அடிச்சது அவவெண்டா வலயக் கல்வி அலுவலகத்தில விசாரணை, பேப்பரில செய்தி. பென்சன் எடுக்கப்போற மனுசி. பள்ளிக்கூடத்தின்ர பேரும் இருக்கு. பயிலுநர் எண்டா ஒரு எச்சரிக்கையோட போயிடும். திங்கட்கிழமை ஒரு கடிதம் எழுதித் தாரும். உம்மட கடைசி அறிக்கை நல்லா வரும். அதுக்கு நான் பொறுப்பு."

சனிக்கிழமை தோட்டத்தில் அப்பாவிடம் சொன்னேன். அவர் வாய்க்காலை மண்வெட்டியால் திருப்பிவிட்டுக்கொண்டே கேட்டார். "ஒரு தாள்தானே மகள்," என்றார் கடைசியில். "எழுதிக் குடுத்திட்டு வா. பெரிய இடத்து ஆக்களோட எங்களால ஏலாது." சொன்னவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை இரண்டாம் பாடவேளையில் வழிகாட்டி ஆசிரியை என்னைக் கணித அறைக்கு வரச் சொன்னார். எழுதுதாளும் பேனையும் மேசையில் ஆயத்தமாக இருந்தன. "நான் சொல்லச் சொல்ல எழுதும்," என்றார். நின்றுகொண்டே, நடந்துகொண்டே, சொல்வதெழுதுதல் நடத்துவதுபோல் ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தரம் சொன்னார். ஏழாம் வகுப்பில் நான் கற்பித்துக்கொண்டிருந்தபோது, குறித்த மாணவி ஒழுங்கீனமாக நடந்துகொண்டமையால், பொறுமையிழந்து கைநீட்டிவிட்டேன். எனது அனுபவக் குறைவே இதற்குக் காரணம். இனிமேல் இவ்வாறு நடைபெறாது. நான் எழுதினேன். என் கை எழுதியது என்று சொல்லலாம். ஆனால் கை என்னுடையதுதான்.

எழுதி முடித்ததும் தாளை வாங்கினார். கைப்பையைத் திறந்து சிவப்புப் பேனையை எடுத்தார். என் வாழ்க்கையில் நான் கண்ட எல்லாவற்றிலும் அந்த ஒரு செயலைப்போல் என்னைத் திகைக்க வைத்தது வேறில்லை. ஒழுங்கீனம் என்பதில் நான் மூன்றுசுழி ண போட்டிருந்தேன். அதைச் சுற்றி அவர் வட்டம் போட்டார். தான் செய்த குற்றத்தை இன்னொருத்தியின் தலையில் எழுதுவித்துவிட்டு, அதிலே எழுத்துப்பிழை திருத்தினார்.

"ஒழுங்கீனம் எண்டு எழுதத் தெரியாத ஆள் பிள்ளையளுக்கு என்னத்தப் படிப்பிக்கப் போறீர்? வெட்டுக் கொத்தோட இத அதிபரிட்டக் குடுக்க ஏலாது. திரும்ப எழுதிக்கொண்டு வாரும். இடைவேளைக்கு முதல் வேணும்."

அவர் அந்தப் பிழையைப் பார்க்காமல் விட்டிருந்தால், தாளை அப்படியே எடுத்துக்கொண்டு போயிருந்தால், நான் இன்று வேறொரு ஆளாக இருந்திருப்பேன். தைரியசாலி என்று என்னை யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு ஒரு பாடவேளை அவகாசம் கிடைத்தது, அவ்வளவுதான்.

ஓய்வறையில் எழுத மனமில்லாமல் ஏழாம் வகுப்புக்குப் போனேன். சமூகக்கல்வி நடந்துகொண்டிருந்தது. கடைசி வரிசையில் போய் இருந்துகொண்டேன். அந்தப் பிள்ளை அன்றைக்கு வந்திருந்தாள். இடது காதில் பஞ்சு அடைத்திருந்தது. ஆசிரியை எதையாவது சொல்லும்போதெல்லாம் அவள் தலையை மட்டுமல்ல, முழு உடம்பையும் திருப்பி வலது காதைக் கொடுத்துக் கேட்டாள். அப்படியும் கேட்காதபோது பக்கத்துப் பிள்ளையிடம், "என்ன சொன்னவ?" என்று கேட்டாள். கதைக்கிறாள் என்று ஆசிரியை அவளை அதட்டினார். அவள் உடனே கைகட்டிக்கொண்டாள்.

என் முன்னால் கிடந்த தாளில் ஒழுங்கீனம் என்ற சொல் சிவப்பு வட்டத்துக்குள் இருந்தது. அந்தப் பிள்ளை ஒருநாளும் ஒழுங்கீனமாக நடந்ததில்லை. எழும்பச் சொன்னால் எழும்பினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், காரணமும் சொன்னாள். என் பெயரைக் கெடுப்பதை நான் எப்படியாவது விழுங்கியிருப்பேன். அவள் பெயரோடு அந்தச் சொல்லைச் சேர்த்து என் கையெழுத்தில் கொடுக்க என்னால் ஏலவில்லை. புதிய தாளை எடுத்தேன். புதன்கிழமை ஐந்தாம் பாடவேளையில் யார் எங்கே இருந்தார், யார் என்ன கேட்டார், பிள்ளை என்ன சொன்னாள், எந்தக் கை எந்தக் காதில் விழுந்தது என்று எழுதினேன். நான் தடுக்கவில்லை, இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை என்பதையும் எழுதினேன். பின்னர் அதைப்போலவே இன்னொரு பிரதி.

அதிபர் வாசித்துவிட்டுத் தாளை மேசையில் கவிழ்த்து வைத்தார். "இத நான் வாசிக்கேல்ல. எடுத்துக்கொண்டு போம்."

"கையெழுத்து வைச்சிட்டன், சேர்," என்றேன். "மற்றப் பிரதிய கல்லூரிக்கு அனுப்பப்போறன்."

அவருடைய முகத்திலிருந்த கனிவு போன வேகத்தை இன்றும் மறக்கவில்லை. அன்று பாடசாலை விட்டதும் தபாலகத்துக்கு நடந்து போய் மற்றப் பிரதியைப் பதிவுத் தபாலில் போட்டேன்.

அதற்குப் பிறகு பெரிதாக எதுவும் நடந்துவிடவில்லை. வலயத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அதிபரிடம் கேட்டார், வழிகாட்டி ஆசிரியையிடம் கேட்டார், என்னிடமும் தாயிடமும் கேட்டார். வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் கண்ணால் பார்த்திருந்தார்கள். அவர்களில் ஒருவரையும் கேட்கவில்லை. சிறுபிள்ளைகளை இதற்குள் இழுக்கக்கூடாது என்று அதிபர் சொன்னதாக அறிந்தேன். அடித்தவர் யார் என்பதை உறுதிப்படுத்தப் போதிய சான்று இல்லை என்று முடித்தார்கள்.

விசாரணை நடந்த அன்று பின்னேரம் வாசலுக்கு வெளியே அந்தத் தாய் நின்றுகொண்டிருந்தார். அந்த நகரத்துத் தெருக்களில் மாடுகள்போலத் திரியும் மான்களில் இரண்டு சாப்பாட்டுப் பார்சல் தாளை மென்றுகொண்டு நின்றன. நான் அவரிடம் போனேன். ஏன் போனேன் என்று இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. அவர் எனக்கு நன்றி சொல்வார் என்று நினைத்துத்தான் போனேன்.

சவர்க்காரத்தில் வெளிறிப்போன விரல்களால் ஆஸ்பத்திரிக் கொப்பியை மடித்துப் பையில் வைத்துவிட்டு அவர் சொன்னார். "நீங்கள் எழுதிக் குடுத்ததெண்டு சொல்லிச்சினம். புதன்கிழமை அடிச்சது. வெள்ளிக்கிழமை நான் வந்து உங்களப் பாத்துக்கொண்டு நிக்கேக்கயும் நீங்கள் வாய் திறக்கேல்ல. ரெண்டு நாளா என்ர பிள்ளை காதுக்க இரையுது, இரையுது எண்டு அழுதவள். நீங்களும் அங்கதானே நிண்டனீங்கள்?"

நான் ஓம் என்றேன். அவர் போய்விட்டார். அடுத்த தவணை மகளை வேறு பாடசாலையில் சேர்த்தார். துளை மூடிவிட்டது, ஆனால் அந்தக் காதில் கேட்பது முழுதாகத் திரும்பவில்லை என்று பல வருடங்களுக்குப் பிறகு ஒருவர் சொல்லக் கேள்விப்பட்டேன்.

மிச்ச மாதங்கள் எப்படிப் போயின என்பதை அதிகம் விரிக்க விரும்பவில்லை. ஓய்வறையில் நான் போய் இருந்தால் பக்கத்திலிருப்பவர்கள் எழுந்து போனார்கள். என் பாடக்குறிப்புகளில் வழிகாட்டி ஆசிரியை கோடு இழுப்பதைக்கூட நிறுத்திவிட்டார். கொப்பி அவருடைய மேசையில் வாரக்கணக்காகத் திறக்கப்படாமல் கிடந்து, கையெழுத்தில்லாமல் திரும்பி வரும். வருட முடிவில் அவர் எழுதிய அறிக்கை மிகவும் அழகான கையெழுத்தில் இருந்தது. வகுப்பைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் போதாது. பொறுப்பை ஏற்றுக்கொள்ளும் மனப்பாங்கு இல்லை. கீழே அதிபரும் கையெழுத்து வைத்திருந்தார். கல்லூரியிலிருந்து வந்த விரிவுரையாளர் என் கடிதத்தைத் தன் கோப்பில் வைத்திருந்தார். அதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தார். "எனக்கு விளங்குது பிள்ளை. ஆனா பாடசாலை அறிக்கைய மீறி நான் ஒண்டும் செய்ய ஏலாது. ஆறு மாதம் வேற பாடசாலையில திரும்பச் செய்யும்," என்றார்.

என்னோடு படித்தவர்கள் எல்லாரும் நியமனக் கடிதத்தோடு படம் எடுத்துப் போட்டார்கள். நான் கிண்ணியாவுக்குப் பஸ் ஏறினேன். பாலத்தைக் கடக்கும்போது முதல் நாள் அழுதேன், இரண்டாம் நாள் அழவில்லை. அங்கே எனக்கு வழிகாட்டியாக இருந்தவர் என் பாடக்குறிப்பை ஒவ்வொரு வரியாக வாசித்து, பிழையான இடத்தில் பென்சிலால் சின்னப் புள்ளி மட்டும் வைத்தார். என் அறிக்கையில் என்ன எழுதியிருந்தது என்று அவரிடம் சொன்னேன். "உங்கட வகுப்ப நான் பாத்துத்தானே எழுதுவன்," என்றார். அவ்வளவுதான் பேச்சு. ஆறு மாதத்தில் சான்றிதழ் கிடைத்தது.

அப்பாவிடம் அதைக் காட்டியபோது அவர் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வாங்கினார். "அண்டைக்கு நான் சொன்னத நீ கேக்காதது நல்லது," என்றார். தோட்டத்தில் சொன்ன சொல் அவரையும் அரித்துக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்த முதல் வழிகாட்டி ஆசிரியை ஓய்வு பெற்றபோது சேவைநலன் பாராட்டு விழா வைத்தார்கள். மலர் வெளியிட்டார்கள். பழைய பயிலுநர் என்ற முறையில் ஒரு பக்கம் எழுதித் தரும்படி என்னையும் கேட்டார்கள். கேட்டவருக்கு ஒன்றும் தெரியாது. நேரமில்லை என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். பிறகு அந்த மலர் என் கைக்கு வந்தது. அதிபர் தன் வாழ்த்துரையில், பிள்ளைகளை அன்பினால் ஆண்டவர் என்று எழுதியிருந்தார். அந்த வரியை நான் இரண்டு தரம் வாசித்தேன்.

அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கும் மேல் ஓடிவிட்டது. இந்த வருட ஆரம்பத்தில் அப்பாவைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இலக்கம் கூப்பிடும்வரை நீள மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் வந்து இருந்தவர் அந்த ஆசிரியை. சேலை அதே விறைப்பு. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். ஆனாலும் அவர்தான் என்னை முதலில் அடையாளம் கண்டார்.

"நீர் இப்ப எந்தப் பள்ளிக்கூடம்?"

சொன்னேன்.

"அப்ப நல்லதாப் போச்சு. என்ர மகளின்ர பிள்ளை இந்த வருசம் அங்கதான் ஆறாம் வகுப்புக்கு வந்திருக்கிறாள்." கொஞ்சம் என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பயந்த பிள்ளை. கணக்குக் கொஞ்சம் மட்டு. ஆரும் கைவைக்காமப் பாத்துக்கொள்ளும்."

நான் அவரைப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் தெரியவில்லை. அவர் விளையாடவில்லை. அவருக்கு அந்தப் புதன்கிழமை ஞாபகத்திலேயே இல்லையா, அல்லது ஞாபகத்தில் இருப்பதால்தான் என்னிடம் கேட்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் மன்னிக்க முடியாது என்றுதான் தோன்றியது.

"எங்கட வகுப்பில ஆரும் அடிக்கிறேல்ல, ரீச்சர்," என்றேன். "அடிச்சா நான் எழுதிக் குடுப்பன். அது உங்களுக்குத் தெரியும்தானே."

அவருடைய வாயோரம் இறுகியது. "நீர் இன்னும் அதையே பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர். நான் எழுதின அறிக்கையில பிழை இல்ல. நீர் அப்ப வகுப்பக் கட்டுப்படுத்தத் தெரியாத ஆள்."

"ஓம் ரீச்சர். அண்டைக்கு வகுப்பில கட்டுப்படுத்த வேண்டி இருந்தது உங்கள மட்டும்தான். அது எனக்குத் தெரியேல்ல."

அவர் எழுந்து வேறொரு வாங்கில் போய் இருந்தார். அப்பா என் முழங்கையை மெல்லத் தொட்டார்.

அந்தப் பேத்தி என் வகுப்புக்கே வந்தாள். அவளை வெறுப்பேனோ என்று எனக்கு உள்ளூரப் பயம் இருந்தது. சாயல் அப்படியே அவருடையது. அதே நெற்றி, அதே தாடை. ஆனால் கடைசி வரிசையில் போய் இருந்துகொண்டு எதற்கும் வாய் திறக்காத பிள்ளை. முதல் இரண்டு வாரமும் அவளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் வாரம் பின்னங்கள் தொடங்கினேன். கணக்குக் கொடுத்துவிட்டு வரிசை வரிசையாகப் போய்க் கொப்பி பார்த்தேன். அவள் பிழையாகத்தான் செய்திருந்தாள். கொப்பியை வாங்குவதற்காகக் கையை நீட்டினேன்.

பிள்ளை கண்களை இறுக மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, இரண்டு தோள்களையும் காதுவரை உயர்த்தினாள்.

நீட்டிய கை அப்படியே நின்றது. அடி வாங்கிப் பழகாத உடம்பு அப்படி ஒடுங்காது. எந்த வீட்டில், எவருடைய கை என்று எனக்குத் தெரியாது. அவருடையதாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அன்றைக்குக் கிளினிக்கில் 'ஆரும்' என்று அவர் யாரை நினைத்துச் சொன்னார் என்பதும் தெரியாது. அவள் பக்கத்தில் வாங்கில் இருந்து, கையை மேசையில் விரித்து வைத்துவிட்டு, "கண்ணைத் திற மகள். கொப்பிதான் கேட்டனான்," என்றேன். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு கண்ணைத் திறந்தாள். பிழை விட்டதற்கு மன்னிப்புக் கேட்டாள்.

மணியடிக்கும்வரை அவளோடு இருந்தேன். பிறகு மற்றப் பிள்ளைகளைச் சாப்பிட அனுப்பிவிட்டு, கண்டதை ஒரு தாளில் திகதி போட்டு எழுதி, கையெழுத்து வைத்து, இடைவேளை முடிவதற்குள் எங்கள் அதிபரின் அறைக்குப் போனேன்.